பிழையே இல்லாத ஒரு புகார்

"எட்டு மணி நேரப் பணியில் இருக்கும் ஒவ்வொரு செவிலியருக்கும் அரை மணி நேர இடைவேளை உண்டு. அந்த நேரத்தில் அவருடைய இடத்தில் வேறொரு செவிலியரை அமர்த்துவது மேற்பார்வையாளரின் பொறுப்பு."

பாளையங்கோட்டையில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் பணி விதிகளில் இது பன்னிரண்டாவது பத்தி. மூன்று வருடங்களுக்கு முன்பு, சித்திரை வெயிலில், சிறுநீரகக் கல்லோடு அந்த மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் ஆண்கள் வார்டில் ஆறு நாள் படுத்திருந்தேன். மேற்படி பத்தியை நான்காம் நாள்தான் படித்தேன். மூன்றாம் நாளே படித்திருக்க வேண்டும்.

நான் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். குறிப்பாணை, விளக்கம், நினைவூட்டல், மேல்முறையீடு என்று காகிதத்தின் எல்லா அவதாரங்களையும் பார்த்தவன். நான் எழுதி அனுப்பிய எதையும் 'விவரம் போதாது' என்று மேலிடம் திருப்பியதில்லை. இந்தப் பெருமையைக் கட்டிலுக்கும் கொண்டுபோயிருந்தேன்.

வார்டில் பதினாறு கட்டில்கள். காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை ஒரே ஒரு செவிலியர். நாற்பது வயதிருக்கும். அம்பாசமுத்திரத்துக்கு அப்பால் ஒரு ஊரிலிருந்து விடியற்காலைப் பேருந்தில் வருகிறவர். அவர் என்னிடம் பேசியதெல்லாம் தண்ணீர் பற்றித்தான். குடித்ததையும் கழித்ததையும் அளந்து எழுத என் கட்டிலின் கால்மாட்டில் ஒரு தாள் தொங்கியது. ஐ.ஓ. சார்ட் என்பார்கள். அதைக் கையில் எடுத்தால் அவர் வருவாய் ஆய்வாளர் மாதிரி ஆகிவிடுவார்.

"சார், காலையிலேருந்து நானூறு மில்லிதான் உள்ள போயிருக்கு. கல்லு தானா நடந்தா வரும்? தண்ணி தள்ளினாத்தான வரும்."

"கொஞ்சம் முன்னாடி குடிச்சேனே."

"கொஞ்சம்னா நான் எத எழுத? மில்லியில சொல்லுங்க."

பக்கத்துக் கட்டிலில் அம்பாசமுத்திரத்து அரிசி வியாபாரி ஒருவர், சர்க்கரை நோயில் ஆறாத கால் புண்ணோடு. வார்டு முழுக்க அவரை அண்ணாச்சி என்றே கூப்பிடும். என்னைச் 'சாருவாள்' ஆக்கியவர் அவர்தான். "சாருவாளுக்குக் கல்லும் ஆபீஸ் ஃபைல் மாதிரிதான் சிஸ்டர். தள்ளாம நவுராது" என்றார். வார்டே சிரித்தது. நானும் சிரித்து ஒரு டம்ளர் குடித்தேன்.

செவிலியரின் மேசைக்குப் பின்னால் சுவரில் ஒரு வண்ணத் தாள் ஒட்டியிருந்தது. அதற்கு முந்தைய மாதம் நிர்வாகம் நடத்திய 'செவிலியர் நல்வாழ்வு வார'த்தின் நினைவாம். தினமும் மூன்று லிட்டர் தண்ணீர், வேளைக்கு உணவு, ஏழு மணி நேரத் தூக்கம், அரை மணி நடை. மேசையின் மேல், அந்த வாரத்தில் பரிசாகக் கொடுத்த ஒரு லிட்டர் பாட்டில், மருத்துவமனையின் முத்திரையோடு. அது எப்போது பார்த்தாலும் கழுத்து வரை நிறைந்தே இருந்தது. எதையும் கவனிக்கிறவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. இதைக் கவனித்தேன். ஏன் என்று யோசிக்கவில்லை.

மூன்றாம் நாள் மதியம். என் டிரிப்ஸ் பாட்டில் காலியாகி, குழாயில் ரத்தம் மேலே ஏறத் தொடங்கியது. மணியை அழுத்தினேன். யாரும் வரவில்லை. மறுபடி அழுத்தினேன். எதிரே சுவரில் ஒரு பலகை: 'அழைப்பு மணிக்கு ஐந்து நிமிடங்களுக்குள் பதில் அளிக்கப்படும்.' பலகைக்கு மேலேயே கடிகாரம். புகார் எழுதுவதற்கென்றே அமைத்தது போல் இருந்தது. சிவப்புக் கோடு குழாயில் ஒரு விரற்கடை ஏறியதும் எனக்கு வியர்த்தது. பதினொரு நிமிடம் கழித்து அவர் ஏறக்குறைய ஓடி வந்தார். கை ஈரம். முகம் சுண்டியிருந்தது. குழாயை மூடி, ஊசியில் உப்பு நீர் ஏற்றிச் சுத்தம் செய்து, "ஒண்ணும் ஆகல சார், பயப்படாதீங்க. மன்னிச்சிக்கிடுங்க" என்றார்.

எங்கே போனீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் புகாரின் நடை கெட்டிருக்கும்.

புகார்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன். ஐந்து பத்திகள். மணி அடித்த நேரம், வந்த நேரம், சுவரில் உள்ள வாக்குறுதி, ஏற்பட்ட ஆபத்து, கோரும் நடவடிக்கை. தேதி ஏப்ரல் இருபத்து மூன்று. இப்படிப் புகார் எழுதுகிறவர்களை அப்புறம் யாராவது பேசி மடக்கி வாபஸ் வாங்க வைப்பதை என் பணிக்காலம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். ஆகவே நான்காவது பத்தியில் கவனமாக ஒரு வாக்கியம் சேர்த்தேன்: 'இப்புகாரை நான் பின்னர் திரும்பப் பெற விழைந்தாலும், விசாரணை நிறுத்தப்படலாகாது.' அதை எழுதிவிட்டுத் திருப்தியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை அண்ணாச்சி தன் கட்டிலில் இருந்து என் பக்கம் சாய்ந்தார்.

"சாருவாள், ஒம்ம பேனா வேலய முடிச்சிட்டுவே."

"என்ன ஆச்சு?"

"சிஸ்டருக்கு மெமோ குடுத்திட்டாவ. மூணு நாள்ல பதில் சொல்லணுமாம். அவுக ஒப்பந்தத்துல இருக்காவளாம்லா? அடுத்த மாசம் முடியுது. மெமோ நிலுவையில இருந்தா புதுப்பிக்க மாட்டாவளாம். கூட்டுத ஆயா சொல்லிச்சு."

ஒரே நாளில் குறிப்பாணை! என் அலுவலகத்தில் அதற்கு மூன்று மாதம் ஆகும். தனியார் துறையின் வேகத்தை நான் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன்.

செவிலியர் வழக்கம்போல் வந்தார். ஊசியில் கடுமை இல்லை, பேச்சில் குத்தல் இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. கேட்டேன்.

"நேத்து எங்கம்மா போயிருந்திய?"

"அத நேத்தே கேட்டிருக்கலாமே சார்."

அவரே சொன்னார்.

"பாத்ரூமுக்குப் போனேன். இந்த மாடியில எங்களுக்குள்ளத சாமான் ரூம் ஆக்கி ரெண்டு வருசமாச்சு. கீழதான் போணும். லிஃப்ட்ல ஸ்ட்ரெச்சர் நின்னுச்சு, படியில எறங்கினேன். அங்கன பாத்தா புறநோயாளிக வரிசை. எனக்கு நீர்க்கடுப்பு சார். காய்ச்சலோடதான் வந்தேன். அது எரியும்போது சட்டுனு எந்திரிச்சு ஓடியார முடியாது."

"தண்ணி நெறையக் குடிக்க வேண்டியதுதானே" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவர் என் சார்ட்டில் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். "குடிச்சாப் போணும். போனா மணியடிப்பாவ. அடிச்சா எழுதுவாவ" என்றார். "எங்கள்ல பாதிப் பேரு இப்பிடித்தான். டூட்டிக்கு வந்தா ஒட்டகந்தான் சார். ஒங்க கணக்கு எவ்வளவு? எரநூறா?"

இருநூறு என்றேன். எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அன்று அவரை எட்டிலிருந்து நாலு வரை பார்த்தேன். காலையில் அரை டம்ளர் காப்பி. மதியச் சாப்பாட்டு டப்பாவை மூன்றரை மணிக்குத் திறந்தார். நின்றபடியே நாலு வாய். ஏழாவது கட்டிலில் மணி அடித்ததும் மூடினார். முத்திரை போட்ட பாட்டிலை மருந்து அட்டைகள் மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்க மேலே வைத்திருந்தார். நல்வாழ்வு வாரம் முற்றிலும் வீணாகவில்லை.

அன்று மாலை, செவிலியர்களின் மேற்பார்வையாளரான மேட்ரனைப் பார்க்கக் கீழே போனேன். நிதானமான அம்மாள். புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். புத்தகத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார்.

"நாலாவது பத்தி, கடைசி வரி, படிங்க சார்."

படித்தேன். என் கையெழுத்து எப்போதும்போல் தெளிவாக இருந்தது.

"நிர்வாக அலுவலர் இதைப் பாத்துட்டு, இவ்வளவு சுத்தமா எழுதின புகார் இதுவரைக்கும் வந்ததில்லன்னாரு" என்றார் மேட்ரன். பாராட்டுக்காகச் சொன்னாரா, குத்துவதற்காகச் சொன்னாரா என்று முகத்தில் தெரியவில்லை.

எந்த விதியின் கீழ் விசாரிக்கிறீர்கள், புகார்தாரர் என்ற முறையில் பார்க்கலாமா என்று கேட்டேன். நோயாளிகளுக்குக் காட்டும் வழக்கம் இல்லையாம். காட்டக் கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது என்றேன். அலமாரியில் இருந்து பணி விதிகளை எடுத்துக் கொடுத்தார். அப்போதுதான் பன்னிரண்டாவது பத்தியைப் படித்தேன்.

"அந்தப் பதினோரு நிமிஷமும் அவங்க இடத்துல யாரு உக்காந்திருந்தாங்க?" என்று கேட்டேன்.

"ஆள் இருந்தா உக்கார வைக்க மாட்டோமா சார்? எனக்கு என்ன வேண்டுதலா?"

அவர் சொன்னது உண்மை. ஆனால் விதியில் 'ஆள் இருந்தால்' என்ற சொல் இல்லை. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படியேறினேன். வார்டுக்கு வந்ததும், குறிப்பாணைக்கான விளக்கத்தை நான் எழுதித் தருகிறேன் என்று செவிலியரிடம் சொன்னேன்.

"ஐயோ, வேணாம் சார். நீங்க எழுதினது போதும்."

அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்று எழுத ஆசைதான். மாத்திரை கொடுத்திருந்தார்கள், தூங்கிவிட்டேன். விடிந்ததும்தான் யோசனை வந்தது.

மருத்துவமனையில் எதைக் கிழித்தாலும் கிழிக்க முடியாத காகிதம் ஒன்று உண்டு: நோயாளியின் கேஸ் ஷீட். கல்லோடு படுத்திருக்கும் ஒருவன் தண்ணீர் குடிக்க மறுத்தால், அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மருத்துவர் காரணத்தைக் கேட்டு எழுத வேண்டும். எழுதியது எழுதியதுதான். கேட்டால் நகல் தர வேண்டும். அண்ணாச்சியிடம் விளக்கினேன். அவர் வார்டைத் திரட்டும் வேலையை எடுத்துக்கொண்டார்.

"லே, இங்கன கேளுங்க. சிஸ்டர் ஒரு டம்ளர் தண்ணி குடிக்குத வரைக்கும் நாம யாரும் குடிக்கக் கூடாது. சரியா?"

அளவாகத்தான் குடிக்க வேண்டும் என்று மருத்துவர் கட்டுப்பாடு விதித்திருந்தவர்களையும், மோசமாக இருந்தவர்களையும் நாங்கள் சேர்க்கவில்லை. நாலாவது கட்டில்காரருக்கு அதில் பெரிய வருத்தம். "எனக்குக் குடிக்கத்தான் விட மாட்டேங்கானுவ, குடிக்காம இருக்கவுமா விட மாட்டிய?" என்று சண்டைக்கு வந்தார். ஒன்பது பேர் சேர்ந்தோம்.

பத்து மணிச் சுற்றில் செவிலியர் என் சார்ட்டை எடுத்தார். பூஜ்யம். அண்ணாச்சியின் தாளில் பூஜ்யம். மூன்றாவது பூஜ்யத்தில் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன சார் இது?"

"நீங்க குடிச்சா நாங்க குடிப்போம்."

"கல்ல வச்சிக்கிட்டு வெளையாடுதீயளா?" அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான். "இதுக்கும் எனக்குத்தான் மெமோ வரும். தெரியுமா ஒங்களுக்கு?"

அது எனக்குத் தோன்றவே இல்லை. முப்பத்து நான்கு வருட அனுபவத்துக்கு அது இரண்டாவது அடி. ஆனால் பின்வாங்க முடியாத இடத்துக்கு வந்திருந்தோம். "டாக்டரக் கூப்பிடுங்கம்மா. விதிப்படி அதத்தான் செய்யணும். நீங்க விதிப்படி செஞ்சா மெமோ வராது" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்த் தொலைபேசியை எடுத்தார்.

பணி மருத்துவர் வந்தார். சின்னப் பிள்ளை மாதிரி முகம்.

"ஏன் சார் குடிக்கல?"

சொன்னேன். கழிப்பறை, சாமான் அறை, கீழ்த்தளம், நீர்க்கடுப்பு, பன்னிரண்டாவது பத்தி. அவர் பேனாவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார்.

"இத எப்படி சார் எழுத?"

"நான் சொன்ன மாதிரியே. நோயாளி மறுத்தா காரணத்தோட எழுதணும்லா?"

எழுதினார். 'பணியில் உள்ள செவிலியர் தண்ணீர் அருந்தவும் கழிப்பறை செல்லவும் வசதி செய்யப்படும் வரை நோயாளி நீர் அருந்த மறுக்கிறார்.' ஒன்பது கேஸ் ஷீட்டுகளில் ஒன்பது முறை. ஆறாவதுக்கு வரும்போது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்பதாவதில் சிரிப்பு போய்விட்டது. "சிஸ்டருக்கு யூரின் டெஸ்ட் யாராவது எடுத்தீங்களா?" என்று ஆயாவிடம் கேட்டார். யாரும் எடுத்திருக்கவில்லை. அவரே சீட்டு எழுதிச் செவிலியர் கையில் கொடுத்துவிட்டு, மேட்ரனுக்குச் சொல்லப் போனார்.

செவிலியர் மேசைக்குப் போய் நின்றார். அண்ணாச்சி நொண்டிக்கொண்டே போய், பாட்டிலைத் திறந்து டம்ளரில் ஊற்றி நீட்டினார். "குடி தாயி. எங்களுக்காவ குடிக்காண்டாம். ஒனக்கு எரியுதுல்லா, அதுக்குக் குடி."

வாங்கிக் குடித்தார். நிறுத்தாமல். இரண்டாவது டம்ளரை அவரே ஊற்றிக்கொண்டார். யாரும் கை தட்டவில்லை. ஏழாவது கட்டிலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவ்வளவுதான். நாங்கள் ஒன்பது பேரும் எங்கள் டம்ளர்களை எடுத்தோம்.

மேட்ரன் மேலே வந்தபோது ஏறக்குறைய அரை மணி ஆகியிருந்தது. கேஸ் ஷீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தார். என்னைத் திட்டப் போகிறார் என்று தயாராக இருந்தேன். அதற்குள் செவிலியர் முன்னால் வந்து, ஆண்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி நிமிர்ந்து சொன்னார்:

"மேடம், நான் பாத்ரூமுக்குப் போணும். என் எடத்துல ஆள் வேணும்."

மேட்ரன் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து, செவிலியரின் மேசை முன் தானே உட்கார்ந்தார்.

"போயிட்டு வா. பைய வந்தாப் போதும்."

அந்தப் பதினைந்து நிமிடத்தில் அழைப்பு மணி நாலு முறை அடித்தது. மேட்ரன் நாலுக்கும் எழுந்து போனார். ஒருவருக்குப் பாத்திரம் வைத்தார், ஒருவருக்கு டிரிப்ஸ் மாற்றினார், ஒருவரைப் புரட்டிப் படுக்க வைத்தார். நான்காவது மணியைத் தேவை எதுவும் இல்லாமல் அடித்தவர் அண்ணாச்சி என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. மேட்ரன் திரும்பி வந்து உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இருபத்தேழு வருசம் சார், நானும் இப்படித்தான் நின்னேன்" என்றார் என்னைப் பார்க்காமல். "எனக்காக ஒரு பேஷன்ட்டும் தண்ணி குடிக்காம கெடக்கல."

மறுநாள் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளம்பும்போது செவிலியர், குறிப்பாணைக்குத் தானே எழுதிய விளக்கத்தைக் காட்டினார். நாலு வரி. 'நான் சிறுநீர் கழிக்கச் சென்றிருந்தேன். அதற்குப் பதினொரு நிமிடம் ஆனது. கழிப்பறை இரண்டு மாடி கீழே இருக்கிறது. அதை அங்கே வைத்தது நான் அல்ல.' நான் எழுதியிருந்தால் இரண்டு பக்கம் வந்திருக்கும், இந்த நாலாவது வரி வந்திருக்காது. மன்னிப்புக் கேட்டேன். தலையை அசைத்தார். மன்னித்தாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாளே கேஸ் ஷீட் நகலுக்கு விண்ணப்பித்தேன். கிடைத்ததும் நிர்வாகத்துக்கு ஒரு மனு. குறிப்பாணையைக் கைவிட வேண்டும், சாமான் அறையைக் காலி செய்ய வேண்டும், பன்னிரண்டாவது பத்தியை நடைமுறைப்படுத்த வேண்டும். பதில் இல்லை. மாதம் ஒரு நினைவூட்டல். ஒவ்வொன்றிலும் முந்தையதன் எண்ணும் தேதியும். பதில் சொல்லாவிட்டால் எழுதுவதை நிறுத்திவிடுவேன் என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும். ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

இதற்கிடையில் செவிலியரின் ஒப்பந்தத்தை ஒரேயடியாகப் புதுப்பிக்காமல், மாதம் மாதமாக நீட்டித்தார்கள். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் அடுத்த மாதம் வேலை உண்டா என்று தெரியாமல்தான் அந்த விடியற்காலைப் பேருந்தில் ஏறினார். அதற்குக் காரணமான காகிதம் என்னுடையது. மேட்ரன் தன்னால் முடிந்ததைச் செய்தார். மதியம் அரை மணி நேரம் ஏதோ ஒரு வார்டில் அவரே போய் உட்காருவதாக அண்ணாச்சி சொன்னார். அவர் புண்ணுக்குக் கட்டுப் போட வாரம் ஒரு முறை அங்கே போய்க்கொண்டிருந்தார். ஆடி மாதம் ஒரு நாள் செவிலியரே தொலைபேசியில் கூப்பிட்டார்.

"சார், மாடியில சாமான் ரூம் கதவத் தொறந்துட்டாவ. உள்ள பழைய கட்டிலு பதினாலு கெடந்துச்சு."

"மெமோ?"

"அதப் பத்திப் பேச்சே இல்ல."

மூன்றாவது நினைவூட்டலை அன்றே தபாலில் சேர்த்தேன்.

கடைசியில் நிர்வாகத்திடமிருந்து ஒரு பக்கம் வந்தது. குறிப்பாணை கைவிடப்பட்டது. ஒப்பந்தம் ஓராண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டது. மாற்று ஆள் பற்றி 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு வரி. அந்த வரியை நானே எத்தனையோ பேருக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன், அதன் பொருள் எனக்குத் தெரியும். ஆகவே அதைப் பற்றி இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் ஒரு பெண்ணின் பிழைப்பைத் தொங்கலில் விட எனக்கு அரை மணி நேரமும் பிழையில்லாத ஒரு பக்கமும் போதுமாக இருந்தன என்பதையும், அதைக் கீழே இறக்கிவைக்க அதற்குப் பிறகு ஐந்து மாதம் ஆயிற்று என்பதையும் மறக்காமல் இருக்க, அந்தக் கடிதத்தை என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். அதன் மூலையில் என் கையால் குறித்திருக்கிறேன், பதில் வரப்பெற்ற நாள்: செப்டம்பர் பதினேழு.